கிலோவாட் மாமா

ஊட்டிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் தொட்டபெட்டா, படகு இல்லம், ரோஜாத் தோட்டம் என்று அடுக்குவார்கள். கிலோவாட் மாமாவைக் கேட்டுப் பாருங்கள். "அறுபது கிலோவாட் சார்ஜரு, ரெண்டு கன்னு. ஒண்ணுதானுங்க வேலை செய்யுது. பக்கத்துல பாத்ரூம் சுமாரு" என்பார். போன ஊருக்கெல்லாம் அவர் எழுதும் தலபுராணம் இவ்வளவுதான்.

ஈரோட்டுக்காரர். 2020-இல் நெக்ஸான் இ.வி. மின்சாரக் கார் வந்த புதிதிலேயே வாங்கிவிட்டார். அதனால், பிறகு வாங்கியவர்களை, தேர்தலுக்கு முதல் நாள் கட்சி மாறி வந்தவனைப் பழைய தொண்டன் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். பேட்டரி முப்பது யூனிட். போனிலோ டாடா பவர், ஜியோன், ஸ்டாட்டிக், சார்ஜ்ஸோன், ரிலக்ஸ் என்று ஒரு திரை நிறைய ஆப். ஒவ்வொரு வாலட்டிலும் இருநூறு, முந்நூறு முடங்கிக் கிடக்கிறது. யூனிட் என்ன விலை, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எவ்வளவு, எந்த ஆப் ஓடிபி அனுப்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது, எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. கோயம்புத்தூர்க் கம்பெனி என்பதால் ஜியோனுக்கு ஊர்ப் பாசத்தில் அரை மார்க் கூடுதல். 'காபி' என்றும் ஒரு கட்டம் உண்டு. அது அத்தை சண்டை போட்டுச் சேர்த்தது.

மாமாவை மேட்டுப்பாளையம் சார்ஜிங் நிலையத்தில்தான் பார்க்க வேண்டும். முன்னால் வந்த வண்டி கன்னை மாட்டிக்கொண்டு நிற்கும். திரையில் 83 சதவீதம். ஆள் பிரியாணி சாப்பிடப் போயிருப்பார். எண்பதைத் தாண்டினால் பேட்டரி கெடாமல் இருக்க சார்ஜ் ஏறும் வேகம் தானாகவே குறைந்துவிடும், கடைசி இருபதுக்காக உட்கார்ந்திருப்பது வீண் என்று மாமா விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். வரிசையில் நிற்பவர், நிற்காதவர், இளநீர் வெட்டுகிறவர் யாரும் தப்ப முடியாது. "எம்பதுல கழட்டிரோணும், அதுதானுங்க மரியாதை." தன் முறை வந்ததும் தொண்ணூற்றெட்டு வரைக்கும் கன்னில் கை வைக்க மாட்டார்.

கல்லாற்றில், ஊட்டிக்கு ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ் சோதனை. 2024 மே மாதம் வந்த நடைமுறை. 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்த இடத்தில் மாமா முகம் மலர்ந்திருக்கும். மேலே சார்ஜருக்குப் போட்டி குறையுமே!

பர்லியார் தாண்டியதும் மலர்ச்சி போய்விடும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். நாலு பேரோடு ஒன்றே முக்கால் டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஏறக்குறைய 9 யூனிட் போகும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆவது தனி. கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி சதவீதம் இறங்க இறங்க, மாமா முதலில் ஏசியை நிறுத்துவார், பிறகு பாட்டை, கடைசியில் பேச்சை. ஆறுதலுக்கு மலை ரயில் இருக்கிறது. 1899-இல் குன்னூருக்கு ஏற ஆரம்பித்த அந்த ரயிலின் நீராவி இஞ்சின் இன்றைக்கும் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடிக்கிறது. அதனிடம் யாரும் 'ரேஞ்சு எவ்வளவுங்க' என்று கேட்பதில்லை.

ஊட்டிக் காட்டேஜில் அவர் முதலில் தேடுவது கட்டிலை அல்ல, 15 ஆம்ப் பிளக்கை. அது பாத்ரூமில் கீசருக்கு இருக்கும். கீசரைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பி வழியாக வயரை இழுத்து வண்டியில் மாட்டிவிடுவார். முழுசாக ஏற விடிந்துவிடும்.

"ஏனுங்க, குளிக்கச் சுடுதண்ணி?"

"அறுபத்திரண்டு ஆயிருச்சு. செத்த பொறு."

எல்லா நெட்வொர்க்கையும் ஒப்பிட்டவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்: மலையை. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் தருகிறது. மின்சாரக் காரும் இறங்கும்போது அந்த வேலையைத்தான் செய்கிறது. மோட்டார் ஜெனரேட்டராகி, வேகத்தைப் பிடித்து நிறுத்தி, ஏறும்போது வாங்கியதில் ஒரு பங்கைப் பேட்டரிக்கே திருப்பித் தருகிறது. ஆப் வேண்டாம், வாலட் வேண்டாம், ஜிஎஸ்டியும் கிடையாது. ஆனால் வாங்கி வைக்கப் பேட்டரியில் இடம் வேண்டும். மாமாதான் விடிய விடிய நூறு ஏற்றி வைத்திருக்கிறாரே!

சீசனில் இறங்க வேண்டியது கோத்தகிரி வழி. "செகண்ட் கியர்லயே இறங்குங்க சார்" என்கிறார் போலீஸ்காரர். மாமா கண்ணாடியை முழுசாக இறக்குகிறார். இந்த வண்டியில் கியர் கிடையாது, மோட்டாரே பிடித்துக்கொள்ளும் என்று பாடம் நடக்கிறது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. முதல் வளைவிலேயே மோட்டார் கையை விரித்துவிட, மாமா பிரேக்கின் மேல் ஏறி நிற்கிறார். அடுத்த வளைவிலும். அதற்கடுத்த வளைவில் பிரேக் கருகும் வாசனை வர, "பக்கத்துல ஏதோ டீ ஃபேக்டரிங்க" என்கிறார்.

ஊட்டியிலிருந்து இறங்க எழுபது சதவீதமே தாராளம். மே மாதம் கோத்தகிரி சாலையில் பச்சை நம்பர் பிளேட் வண்டி ஒன்று உங்களுக்கு முன்னால் வளைவுக்கு வளைவு சிவப்பு விளக்கு போட்டால், தயவுசெய்து கொஞ்சம் இடைவெளி விட்டே வாருங்கள்.