கொள்ளுப்பேரன் வீட்டுக் கொத்து வேலை

ஏன் தாயி, நாலு வயசுப் பயலுக்குப் பொறந்தநாள்னு சொன்ன, சரி. வீடு கட்டுற மாதிரி 'தீம்' வைக்கப் போறோம்னும் சொன்ன, அதுவும் சரி. அதுக்கு பிளான் போடுறேன்னு உன் புருஷன் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு முழிக்கிறானே, அப்ரூவல் கிப்ரூவல் வாங்கணுமா? வாங்கணும்னா சொல்லு, எந்த மேசைக்குக் கீழ எவ்வளவு தள்ளணும்னு தாத்தாவுக்குத் தெரியும்.

காலமெல்லாம் கரண்டி பிடிச்சவன் சொல்றேன், கேட்டுக்க. இந்தப் பயலுகளுக்குக் கட்டுறதுல அரை ஆசைதான். இடிக்கிறதுலதான் முழு ஆசை. நீ ராத்திரி பூரா உக்காந்து அட்டையில அரண்மனை ஒட்டி, "தொடாதீங்க கண்ணா, ஆன்ட்டி போட்டோ எடுத்துக்கிறேன்"னு நிப்ப. அந்த விழா உனக்கா, புள்ளைக்கா? உனக்குன்னா சொல்லிரு, மெழுகுவத்தியை உன் வயசுக்கு வாங்கிட்டு வரேன். கேக்குல இடம் பத்துமாங்கிறதுதான் சந்தேகம்.

கூரியர்ல வந்த அட்டைப் பெட்டி ஒண்ணையும் தூரப் போடாத. நீ வாங்குற வாங்குக்கு ரெண்டு மாடி எழுப்பலாம். வாயை டேப் போட்டு ஒட்டுனா அதுதான் செங்கல். சின்னவனுகளைச் சித்தாளாக்கித் தூக்கிட்டு வரச் சொல்லு, கொஞ்சம் பெரியவனுகளைக் கொத்தனாராக்கி அடுக்கச் சொல்லு. ஒண்ணு மட்டும் காட்டிக் குடு: கீழ் வரியில ரெண்டு பெட்டி சேருற ஜாயின்ட்டுக்கு நேர் மேல அடுத்த வரி ஜாயின்ட் வரக்கூடாது. மேல் பெட்டி ரெண்டு பெட்டி முதுகுலயும் பாதிப் பாதி உக்காரணும். முதல்ல ஜாயின்ட் மேல ஜாயின்ட் வர்ற மாதிரி ஒரு சுவர் வச்சுத் தள்ளச் சொல்லு, அப்புறம் இப்படி மாத்தி வச்சுத் தள்ளச் சொல்லு. எது லேசுல பிரியுதுன்னு அவனுகளே கத்துவானுக. உன் புருஷன் இன்ஜினீயரிங்ல நாலு வருசம் படிச்சது நாலு நிமிசத்துல முடிஞ்சிரும். பாவம், அவனை அந்த நேரத்துல பால் வாங்க அனுப்பிரு.

பழைய துணியைப் பந்தாச் சுருட்டிக் கயித்துல கட்டித் தொங்கவிடு. சும்மா தொங்குறப்ப அது தூக்குக்குண்டு, சுவர் நேரா நிக்குதான்னு பாத்துக்கலாம். ஆட்டிவிட்டா இடிக்கிற குண்டு. ஒரே சாமான்ல ரெண்டு வேலை, கான்ட்ராக்டர் மூளை.

ஜேசிபி இல்லாம இவன் சோறு திங்க மாட்டானாமே! பொம்மை வண்டி நாலு இருக்கட்டும், புதுசா வாங்காத. அந்தப் பேருக்குச் சொந்தக்காரன் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரன். 1945ல ஒரு வாடகைக் கொட்டகையில, யுத்தத்துல மிஞ்சுன இரும்பை வச்சு ஒரு டிரெய்லர் பண்ணித்தான் தொழிலையே ஆரம்பிச்சானாம். அவனே மிச்ச சாமான்ல பொழைச்சிருக்கான், உனக்கு மட்டும் எல்லாம் பளபளன்னு இருக்கணும். தோண்டுறதுக்கு மணல் வேண்டாம், மூணாவது மாடிக்கு எவன் சுமக்கிறது? அகலமான டப்புல பொரியைக் கொட்டு. தோண்டுன மாதிரியும் ஆச்சு, வயித்துக்கும் ஆச்சு. ஆனா எல்லாப் பயலையும் முதல்ல கை கழுவ வை.

லெகோ எடுத்து வைக்கிறேன்னியே, அதுல கொஞ்சம் கவனம். கூட வர்ற தம்பி தங்கச்சி மூணு வயசு ஆகாததா இருந்தா சின்னக் கட்டையை வாயிலதான் போடும். அதுக்குத்தான் அந்த டென்மார்க்காரனுக 1969ல டூப்ளோன்னு பெருசாப் போட்டானுக, நீளம் அகலம் உசரம் எல்லாமே ரெட்டிப்பு. இன்னொண்ணு, ஆயிரக்கணக்குல கொட்டாத. எட்டுக் குமிழ் வச்ச கட்டை ஒரே கலர்ல ஆறு இருந்தாலே 91 கோடியே 51 லட்சத்துக்கு மேல விதவிதமாச் சேர்க்கலாமாம். ஆறு மணிக்குள்ள அத்தனையும் முடிப்பானுகளா? மிச்சம் கிடக்கிறது ராத்திரி என் உள்ளங்காலுக்குத்தான்.

வாசல்ல பலூன் கட்டு, வேண்டாங்கல. அதுக்குப் பக்கத்துல ஒரு பூசணிக்காய்ல முட்டைக்கண்ணு, கோரப்பல்லு, முறுக்கு மீசை வரைஞ்சு தொங்கவிடு. கட்டடம்னா திருஷ்டி கழிய வேண்டாமா? பூசணி கிடைக்கலைன்னா உன் மாமியா போட்டோ... சரி சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

கேக்கை மூணு மாடியா ஆர்டர் குடுத்துராத. நாங்க செங்கல் சுவரையே ஒரே நாள்ல அஞ்சடிக்கு மேல ஏத்த மாட்டோம், கீழ் வரி ஈரம் காயாம பாரம் தாங்காது. நீ வெண்ணெய்ப் பூச்சுல மூணு நிலை எழுப்பி, அதை ஆட்டோவுல ஸ்பீடு பிரேக்கர் ஏத்தி வேற கொண்டாரப் போறியா? தரைத்தளம் மட்டும் போதும். மேல பிஸ்கட்டை ஜல்லியா நொறுக்கிப் போட்டு, கழுவித் துடைச்ச ஒரு ஜேசிபியை நிறுத்து.

நாலு மணிக்கு ஆரம்பி, ஆறுக்கு எல்லாரையும் அனுப்பிரு. அதுக்கு மேல விட்டா உன் சோபாவைத் தோண்டுவானுக. எனக்குத் தனியா ஒரு துண்டு வச்சுரு, அடிப்பக்கமாப் பாத்து வெட்டு. மேல இருக்கிற பிஸ்கட் ஜல்லியெல்லாம் பல்லு இருக்கிறவனுக்கு.