மீன் பாடும், பெட்டி பாடாது

முழுநிலவில் எங்கள் வாவியின் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல்நுனியில் காது வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். அதற்கு ஒரு டிரைவரும் தேவையில்லை. என் பழைய கொம்பியூட்டருக்கு அந்த வரம் இல்லை. எக்ஸ்பியை அழித்துத் திரும்பப் போட்டதும் ஊமையாகிவிட்டது. டிவைஸ் மனேஜரில் ஒலிக்கு ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி, நெட்வேர்க்குக்கு இன்னொன்று.

நெட்வேர்க் டிரைவர் இணையத்தில் கிடக்கிறது. இணையத்துக்குப் போக நெட்வேர்க் டிரைவர் வேண்டும். தோணி எழுவான்கரையில், துடுப்பு படுவான்கரையில்.

மருமகனைக் கூப்பிட்டேன். "பேரைத் தேடாதீங்க மாமா, நம்பரைப் பாருங்க" என்றான். ஒவ்வோர் உறுப்பும் தயாரித்தவரின் இலக்கத்தைச் சுமக்கிறதாம். 10இசி என்றால் ரியல்டெக். 8086 என்றால் இன்டெல். 1978இல் விட்ட சிப்பின் பெயரையே இன்டெல் இன்னும் அடையாள இலக்கமாக வைத்திருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம் மட்டுமில்லை போலும்.

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. அதே மாதம்தான் மண்முனைத் துறையில் பாதை எனும் மிதவைப் படகை நிறுத்திப் பாலம் திறந்தார்கள். அங்கே பாதை போய்ப் பாலம் வந்தது. எக்ஸ்பிக்காரருக்குப் பாதை மட்டும் போனது.

மருமகன் இலக்கத்தைக் கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு போனான். மறுகா, மூன்றாம் நாள் பென்டிரைவோடு வந்தான். நிறுவினான். ஸ்பீக்கரிலிருந்து 'கொர்ர்' என்றொரு சத்தம்.

காதைக் கிட்டக் கொண்டுபோனான். "மீன் மாதிரித்தான் கிடக்கு மாமா."