ரெண்டு செகண்டு பேசாம இருங்க சார்

இடம்: நங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, கார் நிறுத்துமிடம். நேரம்: பள்ளிக்கூட நாளில், காலை ஏழேகால்.

பத்து வயதான பெட்ரோல் கார் ஒன்று 'ர்ர்ர்ர்' என்று சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. மெக்கானிக்குகள் இதை 'செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல' என்பார்கள். வண்டி இயற்பியல் டீச்சருடையது. எதிர்வீட்டு சார் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், கருத்துச் சொல்லும் பணி மட்டும் நீட்டிப்பில் இருக்கிறது.

சார்: பேட்டரி போயிடுச்சு டீச்சர். எனக்கு மூணாவது மாடியிலயே தெரிஞ்சுபோச்சு.

டீச்சர்: பேட்டரி போயிருந்தா மூணாவது மாடிக்குக் கேக்கிற அளவுக்கு எஞ்சின் சுத்தாது சார். 'டக் டக்'னுட்டுப் படுத்துரும். மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன். சும்மா நிக்கும்போது 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழ இறங்கல. ஒன்பதரைக்குக் கீழ போனாத்தான் பேட்டரியைச் சந்தேகப்படணும்.

சார்: மீட்டரை நம்பாதீங்க. என் பையன் காருக்கு இதே வியாதிதான். பேட்டரி மாத்தினான், செல்ஃப் மோட்டார் மாத்தினான், பிளக் நாலையும் மாத்தினான்.

டீச்சர்: அப்புறம் ஓடுச்சா?

சார்: வித்துட்டான். அதை விடுங்க. வாட்ச்மேனைக் கூப்பிடறேன், ரெண்டாவது கியர்ல வெச்சுத் தள்ளுவோம்.

டீச்சர்: தள்ளுறது எதுக்கு சார்? எஞ்சினைச் சுத்தி விடத்தானே? அதுதான் சுத்துதே! பாத்திரம் தேய்க்க ஆள் வந்தாச்சு, குழாயில தண்ணி வரலன்னா, இன்னொரு ஆளைக் கூப்பிட்டு என்ன பண்றது? தள்ளத் தள்ள எரியாத பெட்ரோல் ஏதாவது இருந்தா நேரா சைலன்சர் பக்கம் போகும். அங்கதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கு. அது கெட்டா பேட்டரி விலையெல்லாம் சில்லறை.

சார்: அப்ப விடாம அடிங்க. ஒரு நிமிஷம் தொடர்ந்து அடிச்சா எந்த வண்டியும் வழிக்கு வரும்.

டீச்சர்: பத்து செகண்டுக்கு மேல அடிக்கக் கூடாது சார், மோட்டார் சூடாயிடும். கொஞ்சம் ஆற விட்டுத்தான் மறுபடி.

சார்: சோக்கை இழுத்தீங்களா?

டீச்சர்: இந்த வண்டியில சோக் இல்ல சார்.

சார்: சோக் இல்லாத வண்டியை எதுக்கு வாங்கினீங்க?

(டீச்சர் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷமாக ஒன்பதாம் வகுப்பைச் சமாளித்தவருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம் என்பது தெரியும்.)

சார்: எங்கப்பா ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெச்சிருந்தார். நம்ம வண்டலூர்ல செஞ்ச வண்டி. ஸ்டார்ட் ஆகலன்னா பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டர் வாயில ஒரு மூடி பெட்ரோல் ஊத்துவார். கப்புனு பிடிச்சுக்கும்.

டீச்சர்: சில சமயம் ஊத்துன ஆளையும் சேத்துப் பிடிச்சுக்கும். மாசு விதிகள் இறுகினதும் பெட்ரோல் கார்ல கார்புரேட்டருக்கு விடை கொடுத்தாச்சு சார். ஹெரால்டுல பம்பு எஞ்சின் பக்கத்துலயே ஒட்டிட்டிருக்கும், எஞ்சின் சுத்தினா அதுவும் வேலை செய்யும். இதுல பம்பு பெட்ரோல் டேங்குக்குள்ளயே முழுகிக் கிடக்கு, கரண்டுல ஓடுது. அது மூணு பார் அழுத்தத்துல தள்ளினாத்தான் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவும்.

சார்: அப்படின்னா ஆக்சிலேட்டரை நாலு தடவை மிதிச்சுட்டு அடிங்க.

டீச்சர்: மிதிச்சா இதுல ஒண்ணும் நடக்காது. முழுசா அமுக்கிப் பிடிச்சுட்டு அடிச்சா பல வண்டியில கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திடும். எஞ்சினுக்குள்ள பெட்ரோல் வழிஞ்சு பிளக் நனைஞ்சிருந்தா அது நல்ல வைத்தியம். ஆனா பின்னாடி போய் மோந்து பாத்தேன், பெட்ரோல் வாசனையே இல்ல.

சார்: ஆங்! எத்தனால்! இருபது பெர்சன்ட் கலக்குறான் டீச்சர். கரும்புச் சாறுல கார் ஓடுமா?

டீச்சர்: நேத்து ராத்திரி கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் அதே சாறுலதான் ஓடுச்சு. தண்ணி கலந்த பெட்ரோலா இருந்தா, போட்ட கொஞ்ச தூரத்துலயே இழுத்து இழுத்து ஓடும். நான் பெட்ரோல் போட்டு ஒரு வாரம் ஆச்சு.

சார்: சாவியில ஏதாவது...

டீச்சர்: (நிமிர்ந்து பார்க்கிறார்) இது நல்ல கேள்வி சார். சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கு. வண்டி அதை அடையாளம் கண்டுக்கலன்னா, எஞ்சினைச் சுத்த விட்டுட்டு பெட்ரோலை மட்டும் தராம இருக்கிற ரகமும் உண்டு. அப்போ டேஷ்போர்டுல சாவி படம் போட்ட விளக்கு மினுக்கும். இதுல மினுக்கல. ரெண்டாவது சாவியையும் போட்டுப் பாத்தாச்சு.

சார்: நான் சாவிக்கு எலுமிச்சம்பழம் சுத்தலாமான்னு கேக்க வந்தேன்.

டீச்சர்: ...சரி. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசா எழும்புது. அதனால எஞ்சின் சுத்தறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற கிராங்க் சென்சார் அநேகமா உயிரோட இருக்கு. ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. சாவியை ஆன்ல வெச்சதும் பின்சீட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வரணும். பெட்ரோல் பம்பு. ரெண்டே செகண்டு வரும், நின்னுடும். நீங்க பின்கதவைத் திறந்து காதை வெச்சுக் கேளுங்க, பேசாம இருங்க. ஆன் பண்றேன்.

சார்: இதைத்தான் எங்கப்பாவும் சொல்வார், எஞ்சினுக்குக் காதுதான்...

டீச்சர்: முடிஞ்சுபோச்சு சார். மறுபடி. ஆன்.

சார்: இப்போ ஆன் பண்ணிட்டீங்களா?

டீச்சர்: பண்ணி, போயும்போச்சு. பேசக் கூடாது சார். ஆன்.

சார்: நான் எங்க பேசறேன்? பேசாமத்தான் இருக்கேன். வேணும்னா வாட்ச்மேனைக் கேளுங்க.

(வாட்ச்மேன் கேட்டருகே நின்றபடி, தன்னை இதில் சேர்க்க வேண்டாம் என்று கை அசைக்கிறார்.)

டீச்சர்: சார், அது போகட்டும். போன வருஷம் லிஃப்ட் ரிப்பேருக்குன்னு வீட்டுக்கு வீடு வசூல் பண்ணினோமே, அந்தக் கணக்கு எப்போ வரும்?

(சார் வாயைத் திறந்து, திறந்தபடியே நிறுத்துகிறார். டீச்சர் சட்டென்று சாவியைத் திருப்புகிறார். பின்சீட்டிலிருந்து ஒரு முனகலும் இல்லை.)

டீச்சர்: ரொம்ப நன்றி சார். பம்பு ஓடல.

சார்: அப்ப பம்பை மாத்திடுங்க! எனக்குத் தெரிஞ்ச கடை...

டீச்சர்: பம்பு செத்துடுச்சா, பம்புக்குக் கரண்ட் வரலையான்னு பாக்காம எதையும் மாத்தப்போறதில்ல. ஃபியூஸ் நல்லாருக்கு. ரிலேவைப் பாப்போம். ஃபியூஸ் பெட்டி மூடியில போட்டிருக்கிற படத்துல பம்பு ரிலேவுக்கும் ஹார்ன் ரிலேவுக்கும் ஒரே நம்பர். இதைப் பிடுங்கி அதுல சொருகறேன். ஹார்னை அமுக்குங்க சார்.

(சார் அமுக்குகிறார். அமுக்கியே பிடித்திருக்கிறார். இரண்டாவது மாடியில் ஒரு குழந்தை அழத் தொடங்குகிறது.)

டீச்சர்: போதும்! ரிலே நல்ல ரிலேதான். இனிமே வயர்தான். பின்சீட்டைத் தூக்கணும். அந்த ஓரத்தைப் பிடிங்க, மேல இழுங்க.

(சீட்டு எழும்புகிறது. அடியில் பஞ்சும், காகிதத் துணுக்கும், பழுப்பு நிற இலைச் சுருள்களும் சேர்த்துக் கட்டிய அருமையான கூடு. அதை ஒட்டி, பம்புக்குப் போகும் வயர்க் கற்றையில் இரண்டு வயர்கள் பாதியில் நிற்கின்றன. முனையில் செம்பு மினுங்குகிறது. பல் தடம் தெளிவாகத் தெரிகிறது.)

சார்: எலி!

டீச்சர்: ஆமா சார். இந்த இலை என்னன்னு தெரியுதா?

சார்: ஏதோ சருகு மாதிரி...

டீச்சர்: புகையிலை. போன மாசம் சங்கக் கூட்டத்துல, 'காருல புகையிலை வெச்சா எலி எட்டிக்கூடப் பாக்காது'ன்னு நீங்கதான் எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு கட்டு கொடுத்தீங்க. பானெட்டுக்குள்ள ஒண்ணு, சீட்டுக்கடியில ஒண்ணு. அதை உதிர்த்து மெத்தை போட்டிருக்கு.

சார்: (குனிந்து இலையை முகர்ந்து பார்க்கிறார்) அது கடைக்காரன் ஏமாத்தினது டீச்சர். காட்டமே இல்ல. வேதாரண்யம் புகையிலையா இருந்திருக்கணும்.

டீச்சர்: எலி சுருட்டா பிடிக்குது, காட்டம் பாக்க?

சார்: அடுத்த கூட்டத்துல நாப்தலின் உருண்டைன்னு தீர்மானம் போட்டுடுவோம். சரி, இப்போ வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப்பைச் சுத்துங்க, கிளம்பலாம்.

டீச்சர்: அடியில இருக்கிறது பெட்ரோல் டேங்கு சார். இங்க முறுக்கி டேப் சுத்தி ஒரு பொறி கிளம்பினா, அடுத்த கூட்டமே இருக்காது. (போனில் பேசி முடித்துவிட்டு) ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாச்சு. பின்சீட்டுக்கடியில பம்பு வயர், ரெண்டு இடத்துல கடின்னு சொன்னேன். வயரும் ஸ்லீவும் எடுத்துட்டு வர்றாரு. அவர் வர்றதுக்குள்ள பேட்டரி மைனஸைக் கழட்டி வைக்கணும். அந்த டூல் பையிலேருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க.

சார்: பேட்டரியா? நான் முதல்லயே பேட்டரின்னுதானே சொன்னேன்!

டீச்சர்: பத்தாம் நம்பர் சார்.

சார்: பன்னிரண்டு போடுங்க டீச்சர், ஹெரால்டுக்கெல்லாம்...

டீச்சர்: பத்து.