புகைமணி பற்றியும் பிறவற்றைப் பற்றியும் இணுவிலுக்கு ஒரு விளக்கக் கடிதம்

வெளிநாட்டில் வாழும் இணுவிலார் ஏங்குவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களுக்கே. "அங்க உனக்கு என்ன குறை மோனை?" என்று வீட்டிலிருந்து கேள்வி வந்தால் கோயில், சொந்தபந்தம், பனங்காற்று என்று சொல்லித் தப்பலாம். கேட்டவருக்கும் அது போதும். ஆனால் அந்தப் பெரிய குறைகளுக்கெல்லாம் ரொறன்ரோவில் ஏதோவொரு மாற்று கிடைத்துவிட்டது. ஸ்காபரோவில் கோயில் இருக்கிறது, பூசை இருக்கிறது, விலையைப் பாராமல் வாங்குபவருக்கு முருங்கைக்காயும் இருக்கிறது. மாற்றுக் கிடைக்காதவையே இங்கே விளக்கப்படுகின்றன.

முதலாவது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்கிற மழை செம்மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லில் தங்கி, கிணற்றில் ஊறி வருகிறது. வரும் வழியில் கல்லையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் அதனால்தான். ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. அதைக் குறை சொல்ல முடியாது. அதில் ஊற்றிய பிளேன்ரீயைச் சொல்லலாம். தேயிலை இலங்கையிலிருந்து வந்ததுதான், சீனியும் குறைவில்லை, ஆனாலும் அது வேறெவருக்கோ ஊற்றிய தேநீராகவே இருக்கிறது.

இரண்டாவது சத்தம். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் (1933–1975) தந்த ஊரில் வளர்ந்தவருக்கு, எங்கோ ஒரு வீட்டில் தவில் பழகும் சத்தம் இல்லாத விடியற்காலை முழுமையாக விடிவதில்லை. கனடாவின் அடுக்குமாடியில் தவில் என்ன, சுவரில் ஆணி அடிக்கவும் நேரம் பார்க்க வேண்டும். இந்த அமைதியைக் குலைக்கச் சட்டமே அனுமதி கொடுத்த வாத்தியம் ஒன்று உண்டு. அது புகைமணி.

ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் புகைமணி இருந்தே ஆகவேண்டும். வட்டமாக, வெள்ளையாக, முகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வகைக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் கதிர் காற்றை மின்னேற்ற, மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். புகை புகுந்தால் ஓட்டம் குறையும், மணி அலறும். மூன்று மீற்றர் தூரத்தில் 85 டெசிபல். ஒளிக்கற்றையைக் கொண்டு புகையைப் பிடிக்கும் இன்னொரு வகை சமையலுக்குச் சற்றே பொறுமை காட்டும் என்பார்கள். அந்தப் பொறுமையும் இங்கிலாந்துச் சமையலை வைத்து அளந்ததாகவே தெரிகிறது.

யாழ்ப்பாணத் தூளுக்குச் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுபட வேண்டும். மணிக்கு மல்லிக்கும் மரணத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே தூள் வறுக்கும் நாளில் வீட்டில் ஒருவர் துவாயோடு மணியின் கீழ் நிறுத்தப்படுவார். கோயிலில் சாமரம் வீசிப் பழகியவருக்கு முன்னுரிமை. பொலித்தீன் உறையால் மணியை மூடுவதும், மின்கலத்தைக் கழற்றுவதும் சட்டப்படி குற்றம். யன்னலைத் திறக்கலாம், வெளியே மறை பதினைந்து பாகை குளிர் என்பதைப் பொருட்படுத்தாவிட்டால்.

செய்யவே கூடாதது வாசல் கதவைத் திறப்பது. வீட்டு மணி வீட்டோடு போகும். நடையிலுள்ள புகை உணரி கட்டடம் முழுவதற்கும் சொந்தம். அது புகையை மணந்தால் எல்லா மாடியும் அலறும், மின்தூக்கி நிற்கும், கைக்குழந்தைகளோடும் பூனைகளோடும் சனம் படியால் இறங்கும், தீயணைப்பு வண்டிகள் வந்து சேரும். பனியில் நிற்கும் கூட்டத்தில் யாருடைய உடுப்பில் வறுத்த மிளகாய் மணக்கிறது என்று பார்த்தால் விசாரணை முடிந்தது. வீட்டு மணிக்கு நள்ளிரவுப் பழக்கமும் உண்டு. மின்கலம் தளர்ந்தால் கீச்சென்று விட்டு விட்டுக் கத்தும். இரவுக் குளிரில் மின்கலம் மேலும் சோர்வதால் அது பெரும்பாலும் விடியப்புறம் மூன்று மணிக்கே ஆரம்பிக்கும். மின்கலம் ஒரு வருடத்தில் சாகும். அமெரிசியமோ 432 ஆண்டு கழிந்தும் பாதி மிஞ்சியிருக்கும்.

மணி அடித்தால்தான் பக்கத்து வீட்டாரின் முகம் தெரியும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இணுவிலில் படலையைத் தாண்டினால் "எங்க போறியள்?", திரும்பினால் "எங்க போட்டு வாறியள்?" அப்போது அது தொல்லையாகவே இருந்தது. வேலிப் பொட்டு வழியாக ஒரு கோப்பை கறி வரும், அதே பொட்டு வழியாக வீட்டுச் சண்டையின் விபரமும் போகும். ரொறன்ரோவில் மின்தூக்கியில் சந்திப்பவர் காலநிலையை மட்டும் விசாரிப்பார். எங்கே போகிறீர் என்று ஒருவரும் கேட்பதில்லை. தை, மாசியில் வயதானவர்களுக்கு இது பகிடியல்ல; நாளுக்கு ஒரு வார்த்தை பேசாமலே படுப்பவர்கள் இருக்கிறார்கள்.

தைப்பூசமும் அந்தக் காலத்திலேயே வருகிறது. இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் அன்றுதான் வெளிக்கிடும். குளிர்காலத்தில் ரொறன்ரோ ஊருக்குப் பத்தரை மணிநேரம் பின்னால் நிற்பதால், அங்கே இரவு எட்டு மணியென்றால் இங்கே காலை ஒன்பதரை. ஆகவே பக்தர் வேலையிடத்துக் கழிவறையில் நின்று கைபேசியில் மஞ்சம் பார்க்கிறார். கும்பிடக் கை எடுத்தால் கைபேசி விழும்.

யார் எதற்கு ஏங்குவார் என்பது புறப்பட்ட ஆண்டையும் பொறுத்தது. 1990இல் வடக்கு ரயில் நின்றது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் ஓடியது. ரயில் நிற்கமுன்னர் போனவர்கள் யாழ்தேவியின் கூவலைத் தேடுகிறார்கள். இடையில் வளர்ந்து போனவர்களுக்கு அந்த ஏக்கமில்லை. அவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கின் மணம் போதும்.

ஊருக்கு விடுமுறையில் வந்தவுடன் இந்த ஏக்கநோய் திசை மாறும். காங்கேசன்துறை வீதியைக் கடக்க நிற்கும் கனடாக்காரர், வாகனங்கள் தமக்காக நிற்கும் என்று வெகுநேரம் காத்திருப்பார். பஸ்ஸில் மிச்சக்காசு வரும்வரை நடத்துநரையே பார்த்துக்கொண்டிருப்பார். ரொறன்ரோவில் ஒருமுறை கட்டினால் இரண்டு மணிநேரம் விரும்பியபடி ஏறி இறங்கலாம் என்ற 2018 ஆண்டுத் திட்டத்தைப் பக்கத்திலிருப்பவருக்கு விளக்குவார். கேட்டவர் இறங்கும் இடம் வராமலே இறங்கிவிடுவார். சுடுதண்ணீர் வராத குழாய், வரிசை இல்லாத வங்கி, நாலு மணிக்கே தொடங்கும் ஒலிபெருக்கி எல்லாம் அவரை வாட்டும். கிணற்றடியில் முதல் வாளியை ஊற்றும்போது எழும் அலறலில் கனடாவின் பெயரும் இருக்கும்.

புகைமணி பற்றி மேற்சொன்ன காரணங்களால் தூள் ஊரிலேயே வறுத்து, மில்லில் அரைத்து, வருபவர் கையில் அனுப்பப்படுவது வழக்கம். இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டினால் உடுப்பில் மணக்காது. பனங்கட்டியும் சேர்க்கலாம். கனடாவில் உணவுப்பொருள் எல்லாவற்றையும் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும் என்பதால் புழுக்கொடியலைத் தவிர்ப்பது நல்லது: அது சாப்பாடுதான் என்று அதிகாரியை நம்பவைக்க, கடித்துக் காட்டுவதற்கு நல்ல பல்லுள்ள ஒருவர் கூடவே வரவேண்டியிருக்கும்.