வரப்பில் எதிர்ப்படும் இருவருள் சேற்றில் இறங்கத் தக்கவர் யார்? ஓர் ஆய்வு முன்னோட்டம்

நகரத்தை விட்டுக் காவிரிப் படுகையில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்தவர், அவ்வூரோடு ஒன்றிவிட்டார் என்று எதைக் கொண்டு துணிவது? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அடையாளங்கள் மூன்று. விடியுமுன் எழப் பழகுதல் முதலாவது. மயில் கத்துகிற கத்தலில் அது தானாகவே நடந்துவிடும் என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தம் வரவுசெலவை அண்டை வீட்டாரிடம் ஒளிக்காமல் சொல்லப் பழகுதல் இரண்டாவது. சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். கொசுவுக்குப் பழகுதல் மூன்றாவது; இது நடப்பதில்லை. ஆகவே மூன்றையும் தள்ளிவிட்டு, நான்காவதாக ஓர் அளவுகோலை இக்கட்டுரை முன்வைக்கிறது. வயல்வரப்பில் எதிரே ஆள் வரும்போது, யாரும் சொல்லாமலே தாமாகச் சேற்றில் இறங்கி வழிவிடுகிறவர் ஊர்க்காரர். மற்றவர்கள், எத்தனை வருடம் வாடகை கொடுத்திருந்தாலும், விருந்தாளிகள்.

இத்தகைய முக்கியப் பொருளை முன்னோர் எவரும் தொடவில்லை என்பது வியப்புக்குரியது. தஞ்சை வட்டாரக் கிராமங்கள் ஆராயப்படாத கிராமங்கள் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பித் தொகுத்த தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூல் 1918-இல் வெளியாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றுக்குக் கும்பப்பேட்டை என்று புனைபெயர் சூட்டி ஆராய்ந்தார். ஆந்த்ரே பெத்தேல் இன்னோர் ஊரை ஸ்ரீபுரம் ஆக்கி 1965-இல் நூல் வெளியிட்டார். நில உடைமை, சாதி, கூலி, அதிகாரம் எல்லாம் இந்நூல்களில் விரிவாகவே உண்டு. வரப்பில் யார் இறங்குவது என்பதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கத்தான் மனம் வரவில்லை. ஊருக்குப் புனைபெயர் வைத்தது ஊராரின் நலம் கருதி என்பார்கள். ஊராருக்கோ முதல் வாரத்திலேயே ஆராய்ச்சியாளரின் சம்பளம், சாப்பாடு, கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பது உட்பட அனைத்தும் தெரிந்திருக்கும். அவர்களும் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது அச்சேறாமல் போனது அறிவுலகுக்கு இழப்பே.

களத்தை முதலில் வரையறுப்போம். எலி வளை தோண்டாதிருக்க வரப்பை ஒடுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வேளாண் துறையின் பரிந்துரை. பக்கத்து வயல்காரரும் இதே கொள்கையுடையவர். வருடாவருடம் அண்டை வெட்டும்போது மண்வெட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுத் தம் பங்குக்கு எலி ஒழிப்பில் ஈடுபடுகிறார். அரசும் அண்டை அயலும் இப்படிக் கைகோத்ததில், இரு பாதங்களைப் பக்கம் பக்கமாக வைத்து நிற்கக்கூட இடமில்லாத வரப்புகள் படுகை முழுவதும் உண்டு. காலத்தையும் வரையறுக்க வேண்டும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டி ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது முதல், தை மாதம் சம்பா அறுவடைக்கு வயல் காயும் வரை நம் சிக்கல் உயிரோடிருக்கும். சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கையில் அவரவர் குறுக்கே நடந்து போய்விடுவதால், ஆய்வாளர் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். இலக்கணச் சான்று கேட்பவர்களுக்கு ஒன்று: மருதத்திணையின் நிலம் வயல், அதன் உரிப்பொருள் ஊடல். ஊடல் தீர இருவரில் ஒருவர் இறங்கி வந்தே ஆக வேண்டும். ஆகவே இறங்குதலே மருதத்தின் மறைமுக உரிப்பொருள் என்று நிறுவலாம். இதைவிடக் குறைந்த சான்றோடு முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன.

தலைச்சுமைக்காரருக்கு வெறுங்கையர் இறங்க வேண்டும் என்பது எல்லாத் தெருக்களும் ஏற்கும் விதி (டீக்கடைப் பெஞ்சு, மேற்கு முனை, வாய்மொழி). இருவருமே சுமை சுமந்து வந்தால், எடை கணக்கில் வருமா என்பதில்தான் பூசல். 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ ஆகிவிட்டது. டிஏபி மூட்டை 50 கிலோவிலேயே நிற்கிறது. எனவே எதிரெதிரே வந்தால் யூரியாதான் இறங்க வேண்டும் என்பது கீழத்தெருப் பாடம். “எந்த மூட்டையா இருந்தா என்ன, மொதல்ல வரப்புல காலு வச்சது யாரு?” என்பது மேலத்தெருப் பாடம். இரண்டையும் ஒப்புநோக்கி மூலபாடம் கண்டுபிடிப்பதற்குள் இரு மூட்டையும் தண்ணீருக்குள் போய்விடும். நாற்றுக்கட்டோடு நடவுப் பெண்கள் வரிசையாக வந்தால் தனியாள் இறங்குவார்; இறங்காவிட்டால் அவரைப் பற்றி அன்று மாலைவரை நடவுப்பாட்டில் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் இறங்குவதில்லை. மாட்டுக்கு எல்லோரும் இறங்குவார்கள்.

இனி ஆய்வின் நடுநாயகத்துக்கு வருவோம். வயதொத்த இரு விவசாயிகள், இருவரும் வெறுங்கையர், இருவருக்கும் கால் காய்ந்திருக்கிறது, ஒருவருக்கொருவர் கடனில்லை. நேருக்கு நேர் வருகிறார்கள். மேற்சொன்ன விதி எதுவும் இங்கே செல்லாது. இறங்கினால் தாழ்வு, இறங்காவிட்டால் வீம்பு. நகரத்துச் சாலையாக இருந்தால் இந்நேரம் ஹாரன் அடித்திருப்பார்கள். இங்கே இருவரும் நான்கடி இடைவெளியில் நின்று, “என்ன மாமா, தண்ணி பாக்கவா?” “ஆமா மாப்ள, மடைய மாத்திவிட்டுட்டு வர்றேன்” என்று தொடங்குவார்கள். முறைத் தண்ணீர் எப்போது வரும், மழை பிடிக்குமா என்பதெல்லாம் பேசப்படும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவதும், மழை வருடங்களில் மனுக் கொடுத்து அதைத் தளர்த்தக் கேட்பதும் பேசப்படும். (நெல்லின் ஈரத்தை அளக்கக் கருவி உண்டு, அதே நெல்லை வைத்துக்கொண்டு நிலையத்து வாசலில் நாள்கணக்கில் காத்திருப்பவரின் தலைக்கு மேல் பெய்யும் மழைக்குத்தான் இன்னும் அளவீடு வரவில்லை.) பேச்சு ஓய்ந்ததும் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில்தான் நிகழ்கிறது, இக்கட்டுரையாளர் ‘நண்டுவளைத் தீர்வு’ என்று பெயரிட விரும்பும் அந்த அரிய நிகழ்வு.

இருவரில் ஒருவர் குனிந்து வரப்போரத்தைப் பார்ப்பார். “இங்க பாரு, நண்டு ஓட்ட போட்டிருக்கு. தண்ணி பூரா அந்தப் பக்கம் போவுது” என்பார். சொல்லிக்கொண்டே கைலியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கி, ஒரு கை மண்ணை அள்ளி உருட்டி வளையில் திணித்து, குதிகாலால் மிதித்து அமுக்குவார். அதற்குள் மற்றவர் கடந்து போயிருப்பார். இவர் இறங்கியது அவருக்காகவா? இல்லை, தண்ணீருக்காக. தாழ்ந்தவர் எவருமில்லை, வரப்பும் பிழைத்தது. நண்டு வளை உண்மையில் இருந்தால் அடைப்பார்கள் என்பதில் புலவர்களிடையே கருத்து வேறுபாடில்லை (டீக்கடைப் பெஞ்சு, கிழக்கு முனை, இரண்டாம் டீ, திருத்திய பதிப்பு). வளை இல்லாவிட்டால்? அப்போதும் அடைப்பார்கள் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு (மேற்படி பெஞ்சு, கால் ஒடிந்த பின் தரையில் நடந்த தொடர் அமர்வு, மூன்றாம் தொகுதி, முதற்பாகம், சொல்லிக்கொண்டிருந்தவர் அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றைப் பிடிக்கப் போய்விட்டதால் இரண்டாம் பாகம் கிடைக்கவில்லை). இல்லாத வளையை முதலில் காண்பவர் பெருந்தன்மைக்காரரா, வீட்டில் அவசர வேலை உள்ளவரா என்பது பற்றி இரு மரபுகள் உண்டு (சலூன் மரபு, முகச்சவரத்துக்கு முன், சலூன் மரபு, முகச்சவரத்துக்குப் பின், பேசியவரின் தாடையில் கத்தி இருந்ததால் சொற்கள் தெளிவில்லை, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியுள்ளார்). நண்டின் தரப்பு இன்னும் பதிவாகவில்லை. எடுக்காத பள்ளத்தைத் தூர்த்ததாகக் கணக்கெழுதும் கலை வேறு துறைகளிலும் உண்டுதான். ஆனால் அங்கே யார் காலிலும் சேறு படுவதில்லை.

ஒரு மறுப்பு வரும். அது விளையாட்டான மறுப்பன்று. வழிவிடும் இந்த அழகெல்லாம் பிறப்பால் தீர்மானிக்கப்பட்ட காலம் ஒன்று இதே வரப்பில் இருந்ததே என்பார்கள். இருந்தது. யார் எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம், யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்குகளைத் தஞ்சையை ஆராய்ந்தவர்கள் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வகையில் அவர்கள் நம்மைவிட அவசியமான வேலையையே செய்தார்கள். தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. வந்த வேகத்தில் எல்லா வரப்புக்கும் அது போய்ச் சேர்ந்துவிடவில்லை. எனவே இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை வேண்டும், அது எளியது: சுமையைப் பாருங்கள். வெறுங்கையர் சுமைக்காரருக்கு இறங்கினால் அது பண்பாடு. சுமைக்காரர் வெறுங்கையருக்கு அஞ்சி இறங்க நேர்ந்தால் அதை ஆய்வுக் கட்டுரையில் எழுதக் கூடாது, காவல் நிலையத்தில் எழுத வேண்டும்.

புதிதாக வந்தவரின் நிலையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அவர் வரப்பில் தென்பட்டதுமே எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். அறுபது வயதுப் பெரியவர், புல்லுக்கட்டோடு வரும் அம்மாள், எல்லோரும். “பாத்து வாங்க தம்பி, வழுக்கும்” என்ற வாழ்த்து வேறு. படித்தவர் என்ற மரியாதை இது என்று அவர் நினைக்கிறார். மரியாதைக்கும் இதற்கும் தொடர்பு மெலிது: அவர் இறங்கினால் விழுவார், விழுந்தால் தூக்க வேண்டும், தூக்கும்போது நட்ட நாற்று மிதிபடும். நாற்று மிதிபடாமலிருக்கக் கொடுக்கும் விலையே அந்த வழி. பிறர் தமக்காக இறங்கும்வரை அவர் ஊருக்கு ஒரு வேலை. புல்லுக்கட்டைக் கண்டதும் என்றைக்கு அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நிற்கிறாரோ, அன்றிலிருந்து அவரிடம் பேச்சே மாறிவிடும். “வாங்க, போங்க” குறையும். “ஏம்ப்பா, போற வழியில அந்த மடைய ஒரு மிதி மிதிச்சு உட்டுட்டுப் போ” என்று வேலை வைப்பார்கள். ஊர் ஒருவரை ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட மேலான பட்டயம் கிடையாது; வாசலில் கோலம் போட்டு வரவேற்பதெல்லாம் இதற்குக் கீழேதான்.

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டால் இவ்வளவு தத்துவம் வேண்டாமே என்பது அடுத்த மறுப்பு. நடவுக்கு உழுது சமன்படுத்திய வயலில் பூட்ஸோடு இறங்குகிறவரின் கால் வெளியே வரும், பூட்ஸ் வராது. தார்ச்சாலையும் அறுவடை இயந்திரமும் வந்த பின் வரப்பு எதற்கு என்பது இன்னொன்று. சாலை மதகோடு நின்றுவிடுகிறது. நடுவயலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க இன்றும் கால்தான் போக வேண்டும். சேற்றில் நிற்பதில் என்ன இன்பம் என்று கேட்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவை. காலைக் காயவைத்தே நடக்க வேண்டும் என்ற கவலை உள்ளவருக்கு வரப்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அடுத்த அடியையே பார்த்துக்கொண்டு போவார். கால் ஒருமுறை நனைந்துவிட்டால் காப்பாற்ற ஒன்றுமில்லை. தலை நிமிர்கிறது. வாய்க்காலில் கெண்டைக்குஞ்சு எதிர்நீச்சல் போடுவதும், கொக்கு உழவுக்கு ஒரு கஜம் பின்னால் கணக்காக நடந்து வருவதும், வெயிலில் மேல்தண்ணீர் சுட்டாலும் அடிச்சேறு குளிர்ந்திருப்பதும் அதன் பிறகே தெரியவரும். கிராமத்து வாழ்க்கையின் இன்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காய்ந்த காலோடு எழுதுகிறார்கள் என்பது என் துணிபு.

இவ்வளவு படித்தும் ஐயம் தீராத வாசகர் நேரில் சோதிக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: இறங்கும்போது வாய்க்கால் பக்கமாக இறங்குங்கள். வயல் பக்கம் நேற்று நட்ட நாற்று.