ஐந்நூறு எழுத்தில் பாலாறு

நீளமாக எழுதுவது ஒரு நோய் என்கிறாள் என் மனைவி. அதை மறுத்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் படிக்கவில்லை.

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். பற்று, வரவு, பாக்கி என்று ஆயுள் முழுக்க ஒற்றை ஒற்றைச் சொல்லாக எழுதியவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு வாக்கியம் பெருக்கெடுத்துவிட்டது. விஷயத்துக்கும் பஞ்சமில்லை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காய் கொடுத்துக் கப்பலேற்றிய காலம். குரோமியம் வந்து, போட்ட தோல் சீக்கிரமே நீலமாகி டிரம்மைவிட்டு இறங்கிய காலம். கழிவுநீர் போய்ப் பாலாற்றையே பதம் பார்த்த காலம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன காலம். இவ்வளவையும் சுருக்கி எழுதச் சொன்னால் எதை விடுவது? ஆட்டை விடலாமா, ஆற்றை விடலாமா?

முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘மேலும் படிக்க’ என்று தோன்றுகிற இடத்தோடு எங்கள் சொந்தபந்தம் முடிந்துவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. போட்ட கையோடு ஒருவர் ‘மாஷா அல்லாஹ்’ என்றார். பாலாற்றின் நூறாண்டுச் சரித்திரத்தை மூச்சு விடுவதற்குள் படித்து முடித்த அந்த வேகம் எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. துபாயில் இருக்கும் மைத்துனர், “மச்சான், வண்டி ஓட்டிட்டிருக்கேன், வாய்ஸ் நோட்டா அனுப்புங்க” என்றார். தொண்டை கட்டும்வரை பேசி அனுப்பினேன். “ரொம்ப நீளமா இருக்கு மச்சான், டைப் பண்ணி அனுப்புங்களேன்” என்று பதில் வந்தது.

சரி, இணையத்திலேயே ஓர் இடம் பார்த்து எழுதலாம் என்றால், அங்கே கடை திறக்கிறவர்களைவிடக் கடை கட்டுகிறவர்கள் அதிகம். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியது. நம் நாட்டுச் சரக்கு என்று ஆரவாரமாக வந்த கூ, 2024 ஜூலையில் சிறகை மடக்கியது. நான் ஆசையாக எழுதிவந்த ஒரு தளமும் (பெயர் வேண்டாம், போனவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டும்) உங்களோடு பயணித்ததில் பெருமகிழ்ச்சி என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. என் கட்டுரைகளும் அதோடு பயணித்துவிட்டன.

இந்தத் துக்கத்தை விசாரிக்க வந்தவன் என் அக்கா மகன். உள்ளூர் எஞ்சினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான்.

“மாமா, உங்களுது சென்ட்ரலைஸ்டு பிரச்சினை. ஒரே ஓனர். அவன் ஷட்டரை இறக்கினா எல்லாம் காலி. டீசென்ட்ரலைஸ்டுக்கு வாங்க. மாஸ்டடான்னு ஒண்ணு இருக்கு.”

“அதுக்கு ஓனர் யாரு?”

“யாரும் இல்ல. எல்லாரும்தான்.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓனர் இல்லாமல் ஓடிய தோல் ஷாப்பை நான் பார்த்ததில்லை. ஓனர்கள் அதிகமாகி நின்றுபோன ஷாப்பைப் பார்த்திருக்கிறேன்.

அவன் பொறுமையாக விளக்கினான். ஜெர்மனியில் ஆய்கன் ரோஹ்கோ என்கிற இளைஞர் 2016இல் எழுதி, இந்தாருங்கள் என்று உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த மென்பொருள் மாஸ்டடான். யார் வேண்டுமானாலும் அதை நிறுவித் தனியாக ஒரு சர்வர் நடத்தலாம். சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்று ஒரு பொது நெறி. இணையத்துக்குத் தரநிலை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதற்கு முத்திரை குத்தியது. எனக்கு இது நம்ம ஊர்க் கணக்காகத்தான் புரிந்தது. மொஹல்லாவுக்கு ஒரு பள்ளிவாசல்; நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி வேறு, உண்டியல் வேறு, கரண்டு பில் தகராறு வேறு. ஒரு பள்ளி இன்னொரு பள்ளிக்கு முதலாளி இல்லை. ஆனால் எவரும் எந்தப் பள்ளியிலும் போய்த் தொழலாம். இந்த மொஹல்லாவின் மையத்துச் செய்தி, அதாவது சாவுச் செய்தி, அந்த மொஹல்லா மைக்கிலும் வந்துவிடும். “அதேதான் மாமா!” என்று துள்ளியவன், மறுவாரம் கல்லூரி செமினாரில் இதையே தன் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டான்.

இந்தியர்களுக்கு மாஸ்டடான் புதிதும் இல்லை. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை 2019இல் ட்விட்டர் முடக்கியது. நாஜி வணக்கம் செய்யும் கூட்டத்தின் நடுவே கைகட்டி நிற்கும் ஒற்றை ஆளின் பழைய புகைப்படத்தை அவர் தம் கணக்கில் வைத்திருந்ததுதான் அதற்குக் காரணம். அந்தக் கோபத்தில் நவம்பரில் பல இந்தியர்கள் மாஸ்டடானுக்குப் பெட்டி கட்டினார்கள். கோபம் ஆறியதும் பலர் பெட்டியோடு திரும்பினார்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது உலகமே இன்னொரு முறை பெட்டி கட்டியது. கூட்டம் கலைந்த பிறகு போவதுதான் என் சுபாவம். நானும் போனேன்.

போனதும் பூரித்துவிட்டேன். அதற்குத் தமிழ் எண்ணத் தெரிகிறது! ட்விட்டர் கணக்கில் புள்ளியும் ஓர் எழுத்து, கொம்பும் ஓர் எழுத்து. மேல்விஷாரம் என்று ஊர்ப்பெயரை எழுதினாலே 11 கழிந்துவிடும். மாஸ்டடான் ஒண்ணாம் வகுப்பு வாத்தியாரைப்போல நேர்மையாக 6 என்கிறது. அந்தப் பூரிப்பு அடுத்த வரியிலேயே வடிந்தது. மொத்தமே 500 எழுத்துதான்.

ஐந்நூறு எழுத்தில் பாலாறு ஆற்காட்டைக்கூடத் தாண்டாது. துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துப் போட்டேன். எந்தத் துண்டு யார் கண்ணில் படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘பிறகு சுண்ணாம்புக் குழியில் இறக்கி, முடி உதிரும்வரை ஊறவைத்தார்கள்’ என்கிற துண்டு மட்டும் எங்கோ ஒரு சர்வரில் போய்த் தனியாக ஒதுங்கியிருக்கிறது. “யாரை?” என்று ஒரு தமிழர் பதறிப்போய்க் கேட்டிருந்தார்.

எழுத்துக்குத்தான் 500. படத்துக்கு எழுதும் விளக்கத்துக்கு 1500 எழுத்துவரை அனுமதி. பார்வையற்றவர்கள் கருவி வழியே கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. விளக்கம் இல்லாமல் படம் போட்டால் அங்கே பலர் அன்பாகக் கண்டிப்பார்கள். நியாயம்தான். ஆனால் கணக்குப்பிள்ளை புத்தி வேறு எங்கே போகும்? வறண்ட பாலாற்றின் படம் ஒன்றைப் போட்டு, அதன் விளக்கத்தில் 1996 தீர்ப்பை முழுமூச்சாக எழுதிவிட்டேன். “மாமா, படத்துல மணல்தானே இருக்கு, நீதிபதி எங்க இருக்காரு?” என்றான் மருமகன். மணலைப் பார்த்தால் எனக்கு நீதிபதிதான் தெரிகிறார் என்றேன்.

பிறகுதான் பையன், நீளக் கட்டுரைக்கென்றே கருவிகள் இருப்பதைச் சொன்னான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தத் தமிழர் பதறியிருக்கமாட்டார். ரைட்ஃப்ரீலி என்று ஒரு மென்பொருள். எழுது, வெளியிடு, வேறு தொந்தரவு இல்லை. வேர்ட்பிரஸில் எழுதுகிறவர்களுக்கு ஆக்டிவிட்டிபப் செருகுநிரல். 2023 மார்ச்சில் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனமே அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. கோஸ்ட் என்கிற பதிப்பு மென்பொருளும் 2025 ஆகஸ்டில் வந்த ஆறாம் பதிப்பில் இந்த வலைக்குள் வந்துவிட்டது. உங்கள் முகவரியில் கட்டுரை இருக்கும். உங்களைப் பின்தொடர்கிறவர் எந்தச் சர்வரில் இருந்தாலும் சேதி போய்விடும்.

எழுதினேன். இந்த முறை ஆட்டையும் விடவில்லை, ஆற்றையும் விடவில்லை. சேதி போனது. ஆனால் எப்படிப் போனது? கட்டுரை என்று அடையாளமிட்டு வரும் பதிவுகளை மாஸ்டடான் பெரும்பாலும் தலைப்பாகவும் சுட்டியாகவும்தான் காட்டும். ஆகவே நான் எழுதிக் குவித்த அத்தனையும் கடல் தாண்டிப் போய்த் தலைப்பாக மட்டும் நின்றது. தலைப்புக்கு நட்சத்திரம் விழுந்தது. சுட்டியைத் தட்டியவர் எத்தனை பேர் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். வாட்ஸ்அப்பில் முதல் பத்தியாவது தெரிந்ததே என்று மனைவி ஆறுதல் சொன்னாள்.

படித்தவர்களும் உண்டு. அதுதான் அடுத்த சங்கடம். கட்டுரையில் ஆம்பூர் பிரியாணிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். தோல் போனபின் ஆட்டின் மிச்சத்துக்கும் ஒரு சரித்திரம் வேண்டாமா? ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண்மணி, இயந்திர மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, இறைச்சியைப் பற்றி எழுதும்போது மேலே எச்சரிக்கைப் பலகை வைத்து மறைத்துவிடும்படி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். அங்கே அது பழக்கம். நானும் மறுக்கிற ஆள் இல்லை. ஆனால் ஆட்டிறைச்சிக்கு எச்சரிக்கை போட்டால் ஆட்டுத்தோலுக்கும் போட வேண்டும். அப்புறம் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஊர்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் போட வேண்டும். மாவட்டம் மாவட்டமாக மறைந்துவிடும் போலிருந்தது.

இதற்குள் சர்வர் கவலை வந்தது. முதலாளி இல்லை என்றால் மூடுவிழா இல்லை என்று அர்த்தமாகாது. மாஸ்டடான்.டெக்னாலஜி என்று கொஞ்சம் பெயர்பெற்ற சர்வர் ஒன்றைத் தனி ஒருவர் பல ஆண்டுகள் தம் கைப்பொறுப்பில் நடத்திவந்தார். வீட்டுச் சூழ்நிலை இடம்தராமல் மூடப்போவதாக 2022 அக்டோபரில் அறிவித்தார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இத்தனை நாள் சும்மா சோறு போட்டவர். வேறு சர்வருக்கு மாறிக்கொள்ள வழியும் இருக்கிறது. பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள். எழுதிய பதிவுகள் வராது. ஆள் வருவார், எழுத்து வராது என்றால், எழுத்தாளனுக்கு இது என்ன இடமாற்றம்?

“அப்படின்னா நாஸ்டர் பாருங்க மாமா” என்றான் பையன். அங்கே சர்வர்கூட உங்களுக்கு எஜமான் இல்லை. ஒரு திறவுகோல், அது 63 எழுத்து நீளம். அதுதான் நீங்கள். நீளக் கட்டுரைக்கென்றே தனி வகையும் வைத்திருக்கிறார்கள். திறவுகோல் தொலைந்தால்?

“தொலைஞ்சா தொலைஞ்சதுதான். மறந்துட்டேன்னு சொல்லிக் கேக்க அங்க ஆள் இல்ல.”

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த 63 எழுத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். பழைய பேப்பர்காரர் வரும் நாளில் வீட்டைவிட்டு நகருவதில்லை. யாருடைய கட்டுப்பாட்டுக்கும் அடங்காத இணையப் புரட்சியில் என் பங்கு இப்போது மனைவியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. துபாய் மைத்துனரின் பாட்டனார் சுண்ணாம்புக் குழியில் வழுக்கி விழுந்த வரலாற்றைக் கட்டுரையில் சேர்த்திருந்தேன். படிக்க நேரமில்லாத மைத்துனருக்கு அந்த ஒரு பத்தி மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. எடுத்துவிடச் சொன்னார், எடுத்தேன். ஆனால் இந்த வலைகளில் நீக்கு என்பது உத்தரவு அல்ல, வேண்டுகோள். பிரதி வைத்திருக்கும் சர்வர்கள் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. பாட்டனார் இன்னும் எந்தெந்த நாட்டில் விழுந்துகொண்டிருக்கிறாரோ!

இவ்வளவுக்கும் பிறகு நான் வந்துசேர்ந்த தீர்ப்பு இது. முதலாளி இருக்கும் தளத்தில் ஒருநாள் உங்கள் எழுத்தை வெளியே போடுவார்கள். முதலாளி இல்லாத வலையில் யாரும் வெளியே போடமாட்டார்கள். உள்ளே எடுத்துவைக்கவும் யாரும் வரமாட்டார்கள். சேதி கொண்டுபோவதற்கு வலை நல்லது. காப்பாற்றுவது எழுதியவன் வேலை, அல்லது எழுத்தை மதிக்கிற நாலு பேர் வேலை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கே. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். ஆர்குட்டும் கூகுள் பிளஸும் வந்தன, போயின. மதுரைத் திட்டம் இருக்கிறது. அதில் 500 எழுத்து என்று யாரும் அளவு வைக்கவில்லை. வைத்திருந்தால் கம்பர் கடவுள் வாழ்த்தோடு நின்றிருப்பார்.

ஆகவே, நீளமாக எழுதுகிற என் இனத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் போனாலும் சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்குங்கள். கட்டுரையை அங்கே வையுங்கள். மாஸ்டடானோ நாஸ்டரோ, எது இருக்கிறதோ அதில் சேதி சொல்லுங்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவிலும், இன்னொன்றைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் ஒருவரையாவது உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். அதற்கு இன்னும் யாரும் மென்பொருள் எழுதவில்லை.