தட்டு எறியும் பூங்கா

கேள்வி: கலிஃபோர்னியாவில் மகன் வீட்டருகே உள்ள பூங்காவில், பெரியவர்கள்கூட இரும்புக் கூடையைப் பார்த்துத் தட்டு எறிகிறார்களே, ஏதாவது வேண்டுதலா?

பதில்: வேண்டுதல்தான், ‘மரத்தில் படாமல் போகணும்’ என்று! டிஸ்க் கால்ஃப் விளையாட்டு அது. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த எறிதலில் தட்டை அதற்குள் சேர்ப்பவர் கெட்டிக்காரர். சின்னப் பூங்கா என்றால் 9 கூடைதான். புதரில் தட்டைத் தேடும் நடை தனிக் கணக்கு.

இதற்கென்றே முதல் நிரந்தர மைதானம் 1975-இல் அதே கலிஃபோர்னியாவில், ஓக் குரோவ் பூங்காவில் வந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். 2002-இல் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்துவிட்டார்கள். நாம் கடலில் கரைப்போம். மனிதர் பறக்கக் கிளம்பிவிட்டார். பூங்காவில் நடக்கும்போது ‘ஃபோர்!’ என்று யாராவது கத்தினால், எண்ணிக்கொண்டு நிற்காமல் குனிந்துவிடுங்கள்.